பதினோரு முட்டையும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தி முருங்கைக் கிளையை ஒடித்துச் சும்மா மண்ணில் குத்தி வைத்தாலும் அது துளிர்த்துவிடும். நான் குழி தோண்டி, எருப் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி வைத்தால் பத்தாம் நாள் விறகாக நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மண். நாலு வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம், நடுவில் ஒரே சுவர் வைத்த இரண்டு வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அவள் புருஷன் மூத்தவர், என் புருஷன் இளையவர். இருவருக்கும் தோல் பதனிடும் ஒரே மண்டியில் வேலை. மூத்தவர் ராப்பகலாகச் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குக் காவல். என்னுடையவர் பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரித்து அடுக்குகிறவர். மாமியார் பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. இங்கே இருக்கும் பாதி மாதமும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கும். அவள் வைத்த கீரைக் கடைசல், அவள் போட்ட ஊறுகாய், அவள் கோழி இட்ட முட்டை. மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது மருமகள் உடைத்தால் மட்டும்தான் பொன்குடம்.

எனக்கென்று இருந்தவை இரண்டே பெருமைகள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள், அவளுக்கு எழுத்துத் தெரியாது. இன்னொன்று என் புள்ளிக்கோழி. மொத்தம் ஐந்து கோழிகள் வைத்திருந்தேன், ஆனால் புள்ளிக்கோழிதான் பிள்ளை. என் உள்ளங்கையில் கேழ்வரகு கொத்தித் தின்னும். நான் அரிசி புடைக்க உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். குழம்புக்குக் கோழி வேண்டுமென்று அவர் அதைப் பார்த்த அன்று, என்னை வேண்டுமானால் வெட்டிப் போடுங்கள் என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டேன்.

அடை வைப்பதில்தான் எங்கள் போட்டி முற்றியது. எங்கள் பக்கத்தில் அடைக்கு ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்பார்கள். பழைய கூடையில் சாம்பலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் செருகுவார்கள். இல்லாவிட்டால் இடி இடிக்கும்போது முட்டை எல்லாம் கூமுட்டையாகிவிடும். இவ்வளவும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் யார் கையால் முட்டை வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். என் ஓரகத்தி பதினொன்று வைத்தால் பதினொன்றும் குஞ்சு. நான் ஒருமுறை ஒன்பது வைத்து இரண்டு பொரித்தது, அதில் ஒன்று நொண்டி. அதிலிருந்து தெருவில் எந்த வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போவாள். ஒரு வார்த்தை பெருமை பேசமாட்டாள். பேசினாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லித் தீர்த்திருப்பேன்.

அந்தக் கோடையில் புள்ளிக்கோழி அடைக்கு உட்கார்ந்ததும் நான் யாரையும் கூப்பிடவில்லை. நல்ல நாள் பார்த்து, தலைக்குக் குளித்து, பதினோரு முட்டையை என் கையாலேயே வைத்தேன். மாட்டு லாடத்தின் உடைந்த துண்டு ஒன்றையும் இரண்டு கரித்துண்டையும் அடியில் செருகினேன். இந்தத் தடவை தெரு என்னைப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஆறாம் நாள் என் புருஷன் சிரித்துக்கொண்டே வந்தார். பாலாற்றில் ஊற்று அடியோடு வற்றி, தோல் அலசத் தண்ணீர் இல்லாமல் மண்டியை இருபது நாள் மூடிவிட்டார்களாம். கோலார் தங்கவயலில் என் அண்ணன் வீடு இருந்தது. வா வா என்று இரண்டு வருஷமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான். நாளைக்கே ரயில் ஏறலாம் என்றார். மூத்தவருக்கு மட்டும் விடுமுறை இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் காவல் வேண்டுமே.

எனக்குக் கோழிக் கவலை பிடித்துக்கொண்டது. கூடையோடு தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். அடைக்கோழிக்கு எந்த வகுப்பு டிக்கெட் எடுப்பது என்று அவர் கேட்டார். எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டால், பங்கு வாரத்துக்கு விட்டுவிடு, பொரிக்கிற குஞ்சில் பாதி எனக்கு என்றாள். பாதிக் குஞ்சைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பேரணாம்பட்டிலிருந்து வந்து போகும் நாத்தனாரைக் கேட்கலாமென்றால், அவள் வீட்டில் இரண்டு பூனை. எந்தப் பக்கம் சுற்றினாலும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போய் நின்றது. மாமியார் அதைச் சாதாரணமாகச் சொன்னார், "பெரியவகிட்ட உட்டுட்டுப் போயேன், அவ கையில எதுவும் கெடாது."

அந்த ஒரு பேச்சுதான். அன்று முழுக்க மூட்டை கட்டிக்கொண்டே நாளை எண்ணினேன். நாங்கள் போன பதினைந்தாம் நாள், பதினாறாம் நாள் முட்டை உடையும். நாங்கள் திரும்புவது இருபதாம் நாள். நான் வைத்த முட்டை அவள் கண்முன்னால் பொரிக்கும். தெரு கூடி நின்று, அவள் பார்த்துக்கொண்டாள், அதனால் பொரித்தது என்று சொல்லும். என் கோழி, என் முட்டை, என் கேழ்வரகு, பெயர் மட்டும் அவளுக்கு. நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

அவளிடம் ஒப்படைக்கும்போது நன்றாகத்தான் பேசினேன். மற்ற நாலுக்கும் காலையில் ஒரு பிடி கம்பு, மத்தியானம் உடைந்த சட்டியில் தண்ணீர், பொழுது சாயும் முன் கூடையில் போட்டு மேலே கல் வைக்க வேண்டும், கிணற்றுப் பக்கம் கீரி வருகிறது, வெள்ளைக் கோழி வேலி தாண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

அவள் போனதும் புள்ளிக்கோழியை ஒரு கையால் தூக்கினேன். என்னை நம்பி அது சத்தம்கூடப் போடவில்லை. அடியில் இருந்த லாடத்துண்டையும் கரியையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இடிக்கிற மாதம். அவள் பொறுப்பில் இருக்கும்போதே பதினொன்றும் கூமுட்டையாகட்டும், அவள் கைக்கும் ஒரு சறுக்கல் இருக்கிறதென்று தெரு பார்க்கட்டும் என்று நினைத்தேன். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். என் மூக்குதான் போகிறதென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தங்கவயலில் எல்லாம் புதிதாக இருந்தது. வீதியில் மின்சார விளக்கு, வரிசை வரிசையாகத் தகரக் கூரை வீடுகள், காலையில் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர். அண்ணி என்னை ஒரு பாத்திரம் தொடவிடவில்லை. நான் செய்த எளிய புளிக்குழம்பை ஊரையே கூட்டிப் புகழ்ந்தாள். அந்த வீட்டில் என்னை யாரோடும் ஒப்பிட ஆளில்லை. அங்கே நான் நல்லவளாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிழக்கே, எங்கள் ஊர்ப் பக்கம், வானம் கறுத்து இடி உருண்டது. எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அண்ணி என்ன யோசனை என்று கேட்டாள். கோழியை அடை வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஓரகத்தி பார்த்துக்கொள்கிறாள் என்றேன்.

"அடை வெச்சது யாரு கை?" என்று கேட்டாள் அண்ணி.

"நான்தான் அண்ணி."

"அப்ப சரி. பாத்துக்கறவளுக்கு இன்னா, தீனி போடறதோட சரி. பொரிச்சாலும் கெட்டாலும் வெச்ச கைக்குத்தான் பேரு."

கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தெருவிலும் அதுதானே வழக்கம்? அவள் போய் வைத்துவிட்டு வந்த வீடுகளில் கோழியைப் பார்த்துக்கொண்டது அந்தந்த வீட்டுக்காரிகள்தானே? பெயர் அவளுக்குத்தானே வந்தது? நாலு வருஷமாக எந்த வழக்கத்தைப் பார்த்து வெந்தேனோ அதையே மறந்துவிட்டு, என் பெயரை நானே கெடுக்க நானே வழி செய்துவிட்டு வந்திருக்கிறேன். பதினொன்றும் கெட்டால், சின்னவள் கை ஆகாத கை என்று மாமியார் சாகும்வரை சொல்வார்.

அதற்கப்புறம் விடுமுறையாவது ஒன்றாவது. ஒரு கார்டு எழுதி, கூடையில் இரும்பு வை என்று சொல்லலாம். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூத்தவர் வாசலில் நின்று உரக்கப் படிப்பார். சின்னவள்தானே வைத்தாள், இரும்பு எங்கே போயிற்று என்று மாமியார் கேட்பார். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று நான் பெருமைப்பட்டதற்கு எனக்கு அதுவும் வேண்டும். தினமும் சாயங்காலம் கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுரங்கத்தில் வெடி வைத்து வீடு அதிர்ந்தாலும் இடியோ என்று வாசலுக்கு ஓடினேன். சீக்கிரம் ஊருக்குப் போகலாம் என்று சொன்னால், உனக்கு இன்னா பைத்தியமா என்று அவர் கேட்டார்.

இருபதாம் நாள் வீட்டு வாசலில் இறங்கியபோது, என் ஓரகத்தி முற்றத்தில் நொய் தூவிக்கொண்டிருந்தாள். அவள் காலைச் சுற்றி ஒன்பது குஞ்சுகள். நடுவில் புள்ளிக்கோழி. நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்தேன். புள்ளிக்கோழி இறக்கையை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு என் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. ரத்தம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் ஓரகத்தி குனிந்து ஒரு குஞ்சை எடுத்தாள், கோழி பேசாமல் நின்றது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் வெட்டிக் குழம்பு வைத்திருப்பேன்.

ஆனால் அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள், "ஒம்போது பொரிச்சுது பாரு. எல்லாம் உன் கைராசிதான்." மாமியார்கூட ஆமாம் ஆமாம் என்றார். நான் ஏங்கிய பெயர் வந்துவிட்டது. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் வந்து, தன் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, வந்து முட்டை வைத்துக் கொடு என்று என்னைக் கூப்பிட்டாள். பெரியவளைக் கூப்பிடவில்லை. பெரியவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

என்னால் போக முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று அனுப்பிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், லாடத்துண்டை எடுத்தது, எதற்கு எடுத்தேன் என்பது, எல்லாம். அவள் கையில் இருந்த புடவையைப் பிழிந்து முடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ மறந்துட்டுப் போய்ட்டன்னு நெனச்சேன்," என்றாள். "அன்னிக்குச் சாயந்திரமே பாத்தேன். இரும்பும் இல்ல, கரியும் இல்ல. எடுத்து வெக்க எம்மா நேரம் ஆவும்? வெக்கல."

ஏன் என்பதையும் அவளே சொன்னாள்.

"கல்யாணம் ஆயி பன்னண்டு வருஷமா தெனம் அந்த ரயிலு சத்தம் கேக்கறேன். ஒரு நாளு ஏறினதில்ல. நேத்து வந்தவ நீ ஜன்னலாண்ட குந்திக்கினு போற. போவட்டும், வரும்போது கூமுட்டையா பாக்கட்டும்னு இருந்துட்டேன். மூணாம் நாள் இடிச்சுது பாரு, அப்பதான் பயந்துபோய் என் அருவாமனைய எடுத்தாந்து அடியில வெச்சேன். ரெண்டு கெட்டுப்போச்சு. ஒண்ணு நீ கெடுத்தது, ஒண்ணு நான் கெடுத்தது."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவள் புடவையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள், இரண்டு பேரும் உதறிக் கொடியில் போட்டோம். அன்று மத்தியானம் எதிர்வீட்டுக்கு அவளையே அனுப்பினேன். எனக்குக் கை வலி என்று சொன்னேன்.

அடுத்த கோடையிலும் ஊற்று வற்றியது, மண்டி மூடினார்கள். அண்ணன் வரச்சொல்லி எழுதியிருந்தான். இந்த முறை மாமியாரே, நான் கோழியைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எல்லாம் போய் வாருங்கள் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். மூத்தவருக்குக் காவல், ஆனால் ஓரகத்திக்கு என்ன தடை? ஒரு டிக்கெட்தான். நீயும் வாக்கா என்று நான் ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். அவள் அதற்காகத்தான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி வீட்டில் இரண்டு நாள் இருந்தால் போதும், மூன்றாம் நாள் அண்ணி என் புளிக்குழம்பை மறந்துவிட்டு அவள் கீரைக் கடைசலைப் பேச ஆரம்பித்துவிடுவாள். எனக்கென்று இருந்தது அந்த ஒரு வீடு.

நான் மூட்டையைக் கட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கிட்டே வந்து, "கோழிய நானே பாத்துக்கறேன், அத்தைக்கு வேணாம் அந்த பேஜாரு. நீ போய்ட்டு வா," என்றாள். நான் போய்விட்டு வந்தேன்.