யாருக்கு வந்த எதிர்ப்பு சக்தி

ரத்தப் புற்றுநோயில் எனக்கு வாய்த்தது அவசரக்கார வகை. முதல் சுற்றுக் கீமோ முடிந்ததும் இடுப்பெலும்பில் ஊசியிறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். முடிவைச் சொன்ன டாக்டர் என் மகள் வயதுள்ள மலையாளப் பெண்.

“அங்கிள், மருந்நினோடு பிரதிரோதம் வந்நிட்டுண்டு.”

கெட்ட செய்தியை இத்தனை மரியாதையாகச் சொல்லி, ஆயுள் முழுக்க வேலை பார்த்த அரசு அலுவலகத்தில்கூட நான் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த என் மனைவியோ கும்பிட்டுவிட்டாள். பிரதிரோதம் என்பது தடுப்பூசி நாட்களில் ஊரெல்லாம் முழங்கிய சொல்லல்லவா? தமிழில் எதிர்ப்பு சக்தி. புருஷனுக்கு அது வந்தாயிற்று. டாக்டரின் அடுத்த வாக்கியத்துக்கு நிற்காமல், தங்கைக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

அடுத்த வாக்கியம், திங்கட்கிழமை மறுபடி அட்மிஷன், மருந்தை மாற்ற வேண்டும் என்பது.

ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பில் பாயசம் ஏற்றினாள். திங்கட்கிழமைக்குப் பையை எடுத்து வைக்கச் சொன்னேன்.

“ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது! எதிர்ப்பு சக்தி வந்தாச்சுன்னு டாக்டரே சொன்னா, கேட்டேளா? இனி அந்த விஷத்தை ஏத்திக்கப்டாது.”

“வந்தது எனக்கில்லை. புற்று செல்லுக்காக்கும்.”

அடுப்பைத் தணித்தாள். “அதுக்கு எப்படி வரும்?”

டாக்டர் படம் போட்டு விளக்கியதை ஆபீஸ் பாஷைக்கு மாற்றினேன். அது அவளுக்குப் பழக்கம்.

“செல்லுக்குள்ளே அசல் உத்தரவு ரெக்கார்ட் ரூமை விட்டு வராது. நகல்தான் வெளியே வரும். அதுதான் ஆர்.என்.ஏ. வேலை முடிஞ்சா நகலைக் கிழிச்சுடணும், அது முறை. நகலைப் பிடிச்சுக்கற புரோட்டீன்கள் இருக்கு, செக்ஷன் கிளார்க் மாதிரி. எது மேலே போகணும், எது குப்பைக்குங்கறது அவா கையிலே.”

“நல்ல வேலைதானே?”

“புற்று செல்லிலே அவா ‘பிழைச்சிரு’ங்கற நகலைக் கிழிக்கவே விடறதில்லை. மருந்து ‘செத்துப்போ’ன்னா, செல் அந்த நகலை வச்சுண்டு தப்பிச்சுடறது. என் கேஸிலே இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டருக்குச் சந்தேகம்.”

“அந்தக் கிளார்க்கை சஸ்பெண்ட் பண்ண மருந்தில்லையோ?”

“ஆராய்ச்சியிலே இருக்கு. அதுக்கு என் மஜ்ஜையிலே கொஞ்சம் கேட்டா, சரின்னுட்டேன். இப்போ தரப்போறது வேற வழியா உள்ளே போற மருந்து.”

“அது கேக்குமோ?”

“எழுதிக் கொடுக்க மாட்டா. கேக்கும்னுதான் எனக்குத் தோணறது.”

தோன்றியதைத்தான் சொன்னேன். ஒரு வழியில் நிராகரித்ததை இன்னொரு வழியில் அனுமதிக்கவைப்பது என் பழைய தொழில்.

கரண்டியால் பாயசத்தை ஒரு கிளறு கிளறினாள். “ஆயுசு பூரா செக்ஷனை மேய்ச்ச மனுஷர். சொந்த உடம்பிலே ஒரு கிளார்க்கை அடக்கத் தெரியலை!”

பிறகு போனை எடுத்தாள். “டீ, நான் தப்பாச் சொல்லிட்டேன். சக்தி வந்தது அவருக்கில்லை, அந்தச் சனியனுக்காக்கும்… ஆமா, பாயசம் ஆச்சு. அதை ஏன் கொட்டணும்? அவர் தெம்பாப் போகட்டும்.”

சுடச்சுட ஒரு டம்ளர் என் கைக்கு வந்தது. வீட்டிலிருந்த எதிர்ப்பு சக்தி பரணிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தது.

“வேஷ்டி நாலு போறுமோ?”

“அஞ்சா வை” என்றேன். “திரும்பி வரச்சே வெளுத்தது ஒண்ணு வேணும்.”