பட்டையோடு நட்ட வேலங்கால்கள்

பள்ளிகொண்டா கன்னியப்பனுக்கு அவ்வளவு பிடிவாதம் ஆகாதுதான். ஆனால் ஆம்பூர் தோல் கம்பெனியில், மாட்டுத் தோலை வேலம்பட்டைச் சாற்றில் ஊறப்போடும் குழியோரம் முப்பது வருஷம் நின்ற மனுஷனிடம் பட்டையைப் பற்றி யார் பேச முடியும்?

மனைவி போய் நாலு வருஷம். மகன் சூரியபிரகாஷ் இதோ இருக்கிற அரக்கோணத்தில்தான் இருக்கிறான்; வருவதுதான் இல்லை. ஒரு கோடையில் புதுக் காரில் வந்தவன், "வெயில்ல வண்டி காயுதுப்பா" என்று ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டான். வாசலில் நிழல் இருந்தால் மகன் ராத்தங்குவான் என்று கன்னியப்பன் நம்பிவிட்டார். பாவம், நம்பாமல் என்ன செய்வார்? கார் நிறுத்தக் கொட்டகை போடுவதென்று முடிவாயிற்று.

மரவாடி ஜியாவுதீன் யோக்கியமான ஆள். சவுக்கு மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும் என்று அதைத் தள்ளிவிட்டு வேலமரத்தைக் காட்டினார். "அறுத்த முகத்த பாருங்கண்ணே. நடுவுல கறுப்பா வைரம் ஜாஸ்தி இருக்கறதா எடுங்க. பட்டைய உரிச்சிட்டு, அடியில தார் பூசி நடுங்க."

கன்னியப்பன் வைரத்தைப் பார்க்கவே இல்லை. பட்டையைத்தான் தடவிப் பார்த்தார். "இன்னா பாய், செத்த மாட்டுத் தோலையே கெடாம வெக்கிற பட்டை இது. கட்டைய வெக்காதா?"

பட்டை கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, உள்ளே விரல் பருமனுக்குக்கூட வைரமில்லாத நாலு கால்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பட்டையோடே நட்டு, மேலே தகரமும் போட்டாயிற்று.

குழியில் பட்டையின் சாறு தோலுக்குள் இறங்கும். அது வேறு சங்கதி. இங்கே பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரம்தான் தங்கியது. கரையான் வந்தது. அந்த வீட்டுக்கு வந்து தங்கியது அது ஒன்றுதான்.

மகன் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னான், பிறகு ஆடிக்கு என்றான். கன்னியப்பன் தினமும் கொட்டகையைப் பெருக்கி வைத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் முன்கால்கள் இரண்டும் முறிந்து தகரம் சரிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்பிகா, "நல்ல வேளை மாமா, கீழ கார் எதுவும் நிக்கல" என்றாள்.

கன்னியப்பனுக்கோ, கார் நின்றிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

மறுநாள் மரவாடிக்குப் போனார். இந்தத் தடவை அறுத்த முகத்தைக் குனிந்து பார்த்தார். ஜியாவுதீன் பழசைக் கிளறவில்லை. "எத்தினி வருஷம் தாங்கணும்ணே?" என்று மட்டும் கேட்டார்.

கன்னியப்பன் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவன் வர்ற வரைக்கும் நின்னா போதும் பாய்."