போன வருஷம் நாம் கேட்கவில்லை

செய்தி வந்தபோது நான் ஆலையின் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பசுமைத் திட்டங்களில் பணியாளர்கள் எவ்வளவு மனம் வைத்துப் பங்கெடுக்கிறார்கள் என்பதை இந்த ஆண்டு எப்படி அளக்கப்போகிறோம் என்று, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசி அதிர்ந்தது. கஸ்தூரி மேடத்தின் கணவர் பழனிவேல். வெளியே வந்து பேசினேன்.

"கஸ்தூரி போயிட்டா சார். மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சுன்னாங்க. திருச்சி ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஊருக்குக் கொண்டுபோறோம்" என்றார்.

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். உடனே கிளம்பியிருக்கலாம். திரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் வந்து போயின. இதையெல்லாம் முதலில் மேடத்திடம்தானே சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அரியலூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் சிமென்ட் ஆலையில் கஸ்தூரி மேடம் மனிதவளப் பிரிவில் இருந்தார். நான் சுற்றுச்சூழல் பிரிவு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் கணக்கெடுப்பை இரண்டு பிரிவும் சேர்ந்து செய்ய வேண்டும். அப்படித்தான் பழக்கமானோம். பெரம்பலூரிலிருந்து தினமும் வருவார். கூட்டங்களில் வெளிப்படையாகத் தூங்குவார். எழுப்பினால், "முக்கியமா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். அவரிடம் திட்டு வாங்காத மேற்பார்வையாளர் நம் ஆலையில் இல்லை. இதைப் படிக்கிற ஆலைக்காரர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

கணக்கெடுப்பு கைப்பேசிக்கு மாறிய ஆண்டு. 'என் ஆலையின் பசுமை முயற்சிகளில் எனக்குப் பங்கு உண்டு' என்பது போன்ற வாக்கியங்கள் வரும். 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'ஏற்கவில்லை' வரை ஒன்றைத் தொட வேண்டும். முடிவுகள் பிரமாதமாக வந்திருந்தன. எல்லோரும் எல்லாவற்றையும் முழுமையாக ஏற்றிருந்தார்கள். மேடம் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அரவைப் பிரிவில் ஒரு பெயரில் நின்றார். அந்த ஆளின் பதில் பதிவான நாளில்தான் அவருடைய தாயார் இறந்திருந்தார்; மாலை வாங்கி அனுப்பியதே மேடம்தான்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். "பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடி உக்காந்து, முழுமையாக ஏற்கிறேன்னு எவனாச்சும் அமுக்குவானா?" என்று கேட்டார்.

"எல்லாரோட லாகின் நம்பரும் என்கிட்டதான் மேடம் இருக்கு. மேலேருந்து சீக்கிரம் முடிங்கன்னாங்க. நானே அமுக்கிட்டேன்" என்றார் அவர். மேடம் அவரைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அவர் போன பிறகு, "அவன் மட்டும் என்ன பண்ணுவான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அடுத்த ஆண்டு கைப்பேசியை நம்பாமல் நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டார். அதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை. மூட்டை நிரப்பும் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். வரிசையாக நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஜெயங்கொண்டத்துக்காரர் சின்னசாமி மட்டும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"மரக்கன்னு வைக்கச் சொன்னீங்க, வச்சோம். இங்க ஒரே தூசியா இருக்கு, உறிஞ்சற மிஷினு பாதி நாளு ஓடறதில்லன்னு சொன்னா எழுதுவீங்களாம்மா, வுட்டுடுவீங்களா?"

"எழுதுவேன். சரி பண்ணுவாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றார் மேடம்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பேசினார்கள். அன்று முழுக்கப் பேசினார்கள். இயந்திரம் ஓடாத நாட்களைப் பற்றி நான் முன்பே எழுதி அனுப்பிய அறிக்கைகள் கோப்பில் கிடந்தன. ஆட்கள் வாயால் கேட்கும்போது அது வேறாக இருந்தது.

மதிப்பெண் விழுந்தது. குழுமத்தின் மற்ற ஆலைகளைவிடக் கீழே போனோம். ஆலைத் தலைவர் எங்கள் இருவரையும் அழைத்தார். கெட்ட மனிதர் அல்ல. அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"போன வருஷம் நல்லாத்தானம்மா இருந்துச்சு? ஒரே வருஷத்துல என்ன ஆச்சு?"

"போன வருஷம் நாம கேக்கல சார்" என்றார் மேடம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒப்பந்த ஆட்கள் நம் பணியாளர் கணக்கில் வரமாட்டார்கள், அவர்களை எடுத்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள் என்றார். மேடம் வாதாடவில்லை. "அப்படின்னா அறிக்கையில என் பேரு வேண்டாம் சார்" என்று மட்டும் சொன்னார். அறிக்கை அவர் பெயர் இல்லாமல் போனது. மதிப்பெண் ஏறியது. தூசி உறிஞ்சும் இயந்திரம் எப்போதும் போல ஓடியும் ஓடாமலும் இருந்தது. சில வாரங்களில் மேடத்தைப் பேருந்து ஏற்பாடுகளையும் உணவகத்தையும் பார்க்கச் சொல்லி மாற்றினார்கள்.

வேலையை விட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை நேரத்துக்கு வந்து, பேருந்து ஓட்டுநர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் புகையைக் குறைக்க எல்லோரும் ஆலைப் பேருந்தில் வர வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தது. சுவரொட்டி, உறுதிமொழி எல்லாம் உண்டு. ஜெயங்கொண்டம் பேருந்து மட்டும் காலியாகவே ஓடியது. அந்த ஊர்க்காரர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். மேடம் ஒரு வாரம் பெரம்பலூர் போகாமல் ஜெயங்கொண்டத்தில் தங்கை வீட்டில் தங்கி, அந்தப் பேருந்திலேயே போய் வந்தார். வேலை முடிந்து மூட்டைப் பிரிவு ஆட்கள் உடம்பில் படிந்த சிமென்டைக் கழுவி முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிடும். முந்திரித் தோப்புகளைத் தாண்டி அந்தத் தூசியோடு வீடு போய்ச் சேர யாருக்கும் மனம் வரவில்லை. குளித்துவிட்டு ஸ்கூட்டரில் மூன்று பேராகப் போனார்கள்.

மேடம் பேருந்தைக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்ப வைத்தார். வண்டி நிறைந்தது. சில மாதங்களில் வாகன ஒப்பந்தக்காரர் மாறினார், புதியவர் பழைய நேரத்துக்கே எடுத்தார், மறுபடி காலி. நான் அலுத்துப்போய், "என்ன மேடம் இது, திரும்பத் திரும்ப" என்றேன்.

"எனக்கும் அலுப்பாத்தான் சார் இருக்கு. அலுத்துகிட்டே போய்க் கேக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்றாம் முறை நேரம் மாறியபோதும் போனார்; வண்டி மறுபடி நிறைந்தது. அந்தப் பேருந்து நிறைந்ததை எந்தக் கணக்கெடுப்பும் குறித்துக்கொள்ளவில்லை. 'முழுமையாக ஏற்கிறேன்' என்று தொட அதில் ஒரு வாக்கியம் இல்லை.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு பெரம்பலூரில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். கணுக்கால்கள் வீங்கியிருந்தன, பேச்சிலும் மூச்சு வாங்கியது. ஆலைக்கு ஏதோ விருது வந்த செய்தியைச் சொன்னேன். "சின்னசாமி எப்படியிருக்காரு?" என்று கேட்டார். அவர் இருமல் தாங்காமல் வேலையை விட்டுவிட்டதைச் சொன்னேன். விருதைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை.

விக்கிரமங்கலத்துக்கு அப்பால் அவர் பிறந்த ஊரில்தான் அடக்கம் நடந்தது. மூட்டைப் பிரிவு ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சின்னசாமியும் வந்திருந்தார், மெலிந்து போய். பக்கத்தில் நின்றிருந்த ஊர்க்காரர் ஒருவர், இந்த அம்மா உங்களுக்கு என்ன செய்தார் என்று அவரிடம் கேட்டார். "பெருசா ஒண்ணும் மாத்திடலீங்க. மாத்திடுவேன்னு எங்ககிட்ட பொய் சொல்லவும் இல்ல" என்றார் சின்னசாமி.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம். கேள்வி கேட்டால் பதில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் சும்மா இருப்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் மனைவியிடம், "எப்படிங்க இருக்கீங்க?" என்றார். "நல்லாருக்கேன்" என்றாள். மேடம் தலையாட்டவில்லை, அடுத்த பேச்சுக்கும் போகவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் என் மனைவி, பல மாதங்களாகத் தூக்கமே இல்லை என்றாள். அதே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரம்பலூருக்குப் போனேன். உறவினர்கள் கிளம்பியிருந்தார்கள். பழனிவேல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சு சார்."

நான் ஒன்றும் பேசவில்லை. தெருவில் ஒரு வண்டி போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றார். "நேத்துலேருந்து ஒண்ணும் எறங்கல."

இருவரும் எழுந்து அடுப்படிக்குப் போனோம்.