நான்காம் சிலிண்டரின் சுவர்

ஜெல் புட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டுகிறார் உர்சுலா. கொஞ்சம் சூடேறியதும் மூடியைத் திறந்து, எதிரே மேடைமேல் கிடக்கும் இரும்பில் ஒரு கோடு பிதுக்குகிறார். நாலு பெரிய துளைகள் கொண்ட வார்ப்பிரும்புக் கட்டி அது. பழைய கார் ஒன்றின் இன்ஜின் பிளாக்.

"இரும்புக்குக் குளிரப்போவுதா, சிஸ்டர்?" பட்டறைக்காரர் கோவிந்தராசு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைக் கேட்டுவிடுவார்.

"கை பழகிப்போச்சுண்ணே. ஜில்லுன்னு வெச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

வார நாட்களில் அவர் கைக்குக் கீழே இருப்பது இரும்பு அல்ல, மனித வயிறு. தீவின் கிழக்குப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார். கல்லீரல், பித்தப்பை, இன்னும் பிறக்காத பிள்ளைகள். சனிக்கிழமைகளில் காக்கி புக்கிட்டில், கார்ப் பட்டறைகள் மாடி மாடியாக அடுக்கிய கட்டடத்தில், கோவிந்தராசுவின் லேத் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான் என்கிறார். "சத்தத்த உள்ள அனுப்பணும். அது எங்க பட்டுத் திரும்பி வருதுன்னு பாக்கணும். அவ்வளவுதான் லா."

இரும்புக்கான கருவி கணவர் இயேசுதாசன் தந்தது. செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில், அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. அங்கே கழித்துப் போட்ட அளவுமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, திருமண நாளன்று மனைவியிடம் நீட்டினார். சேலை வாங்கித் தந்ததைவிட அதிகம் மகிழ்ந்தாள் என்று இன்றும் சொல்லிக்காட்டுவார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உர்சுலாவால் எதையும் தாண்டிப் போக முடியாது. கைப்பையில் ஜெபமாலையோடு ஒரு சின்ன டார்ச்சும் கிடக்கும். தெம்பனிஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியைப் பிரித்துப் பழுதுபார்த்தால், வேலை முடியும்வரை கூடவே நிற்பார். மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் நீச்சல்பை எங்கே இருக்கிறது என்று கேட்டு, கடைக்காரரை வெட்டிக் காட்டச் சொல்வார்.

ஆனால் பார்ப்பதோடு சரி. பார்த்ததை வைத்து ஒரு முடிவைச் சொல்லமாட்டார். மேசையில் படுத்திருப்பவர்கள் தலையைத் திருப்பி, "என்னா தெரியுது, மிஸ்ஸி?" என்று கேட்பார்கள். "டாக்டர் பாத்துட்டுச் சொல்வாங்க" என்பார். விதி அப்படி. அதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிவிட்டது. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்றால், "நீங்களே பாத்துச் சொல்லுங்க." திரைச்சீலைக்கு நீலமா பச்சையா என்றால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு." இப்படியே வீட்டு ஜன்னல் ஒன்று நெடுங்காலம் திரையில்லாமல் கிடந்தது.

வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் அவர் எடுத்த ஒரே முடிவு அந்தக் கார். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த கரும்பச்சை எம்.ஜி.பி., இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. பழைய வண்டி என்பதால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் சாலையில் எடுக்க அனுமதி. மற்ற நாட்களில் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "இப்ப வர்ற காரெல்லாம் பூட்டி வெச்ச பொட்டி. இதுல பாருங்க, எது எங்க போவுதுன்னு கண்ணுக்கே தெரியுது" என்பார்.

சென்ற ஆண்டு, சாங்கியிலிருந்து திரும்பும் வழியில் விரைவுச்சாலையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பின்னால் வெள்ளைப் புகை. ஓரமாக நிறுத்தியபோது, பக்கத்து இருக்கையில் இருந்த இயேசுதாசன் முட்டிமேல் வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு புல்வெளிக்கு ஓடினார். இழுவண்டி வரும்வரை அதைப் பிரித்துச் சாப்பிட்டார். உர்சுலா சாப்பிடவில்லை. மூடியைத் திறந்து ஆவிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தராசு இன்ஜினைக் கழற்றினார். பிளாக்கின் மேல்முகத்தில், ஒரு போல்ட் துளையிலிருந்து தண்ணீர்ப் பாதைவரை முடிபோல ஒரு விரிசல். அதோடு, முன்பிருந்தவர்கள் தேய்மானத்துக்காக சிலிண்டர்களை மறுபடி மறுபடி கடைந்து அகலமாக்கியிருந்ததால், சுவர்களும் மெலிந்திருந்தன. "நாலுக்கும் உள்ள ஸ்லீவ் கொழா எறக்கலாம், விரிசல இரும்பு முளை வெச்சுத் தைக்கலாம். தைச்சா நிக்கும்" என்றார். பிறகு மோவாயைச் சொறிந்துகொண்டு, "நிக்கலாம்" என்று திருத்தினார்.

அப்போதுதான் கார் கிளப் நண்பர் ராஜீவ் உள்ளே வந்தார். முப்பது வயதுக்காரர். பழைய கார்களைக் காதலிப்பவர், அவற்றின் விலைகளை இன்னும் அதிகமாக. காரோடு பிறந்த பிளாக்கை மாற்றவே கூடாது என்றார். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் தனக்குத் தெரிந்தவரிடம் ஒன்று இருக்கிறது என்று, மறு வாரமே புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்த பிளாக் ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். பார்க்கக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் போலிருந்தது.

உர்சுலா ஜெல் தடவி அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் கடையத் தாங்காத மெல்லிசு. அந்தக் காலத்தில் வார்க்கும்போதே, துளை விழுவதற்காக உள்ளே வைக்கும் மணல் உள்ளச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அளவுமானியை ராஜீவ் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ராஜீவ் சிரித்துவிட்டார். "ஓகே ஓகே. பெயிண்ட் மட்டும் நல்லாருக்கு லா, அக்கா."

மூன்றாவது பிளாக்கைப் பற்றிய செய்தி தேக்காவில் கிடைத்தது. ஞாயிறு காலை, தமிழ்ப் பூசை முடிந்து லூர்து மாதா கோயிலிலிருந்து தம்பதி நடந்து வந்து, ஈரச்சந்தைக்குப் பக்கத்து உணவுக்கடைகளில் உட்காருவது வழக்கம். பழைய உதிரிபாகம் விற்கும் முகம்மது யூசுப் அங்கே இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அன்று இவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, பினாங்குல ஒண்ணு கெடச்சிருக்கு. உங்க வண்டியோட அதே வகை. இன்னும் ஒரு தடவகூடக் கடையாத சிலிண்டர். ஆனா பாக்கச் சகிக்காது, இப்பவே சொல்லிட்டேன். ஜொகூர்ல ஒருத்தர் வேற கேட்டுக்கிட்டே இருக்காரு."

வந்து இறங்கியது. யூசுப் பொய் சொல்லவில்லை. துருவும் சேறும் மூடி, கடலடியில் கிடந்ததுபோல் இருந்தது. கோவிந்தராசு துருவைக் கரைக்கும் காரக் குளியலில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மேடையில் ஏற்றினார். உர்சுலா ஜெல்லைச் சூடாக்கினார். முதல் சிலிண்டர், நல்ல தடிமன். இரண்டு, மூன்று, அதே. நான்காவதில், தண்ணீர்ப் பக்கச் சுவரின் அடிப்பகுதியில் எண்கள் துள்ளின. ஒரு தடவை முழுத் தடிமன் காட்டியது. மறு தடவை பாதி. மூன்றாம் தடவை ஒன்றுமே காட்டவில்லை.

"ஓட்டை இருக்கும்" என்றார் கோவிந்தராசு. "வார்க்கும்போது காத்து மாட்டிருக்கும். வெளிய தெரியாது. கத்தி வெச்சுக் கடைஞ்சாத்தான் வாயத் தொறக்கும். அப்பறம் இரும்ப ஒட்ட முடியாது, சிஸ்டர்."

"இல்லாமலும் இருக்கலாம்" என்றார் உர்சுலா.

"இருக்கா, இல்லயா?"

உர்சுலா மீந்த ஜெல்லைத் துணியால் துடைத்தார். அந்த வாரம் முழுக்க எண்கள் கண்முன்னே துள்ளின. வியாழக்கிழமை, முதியவர் ஒருவரின் பித்தப்பையை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். நிழல் ஒன்று தெரிந்தது. கல்லா, சகதியா என்று பிரித்தறிய, வழக்கமாகச் செய்வதுபோல், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, ஐயா" என்றார். முதியவர் திரும்பினார். உள்ளே நிழல் மெல்ல நகர்ந்து, இடம் மாறி, பரவியது. சகதி. நான்காம் சிலிண்டர் சுவரின் பின்னாலும் இப்படி ஏதாவது படிந்திருக்குமோ என்று உர்சுலாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பட்டறைக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணே, பிளாக்கத் திருப்பிப் போடுங்க. பக்கத்துல இருக்கற மூடியெல்லாம் கழட்டிட்டீங்கல்ல? எனக்கு ஒரு கம்பி வேணும், வளையற கம்பி."

பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளை வழியாகக் கம்பியை நுழைத்து, நான்காம் சிலிண்டரின் பின்சுவரைச் சுரண்டத் தொடங்கினார். முதலில் ஒன்றும் வரவில்லை. குளியலில் கரையவேண்டியதெல்லாம் கரைந்துவிட்டது என்று கோவிந்தராசு சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சில்லு விழுந்தது. அதன் பின்னால் கறுப்பு ஓடுபோல் ஒரு பெரிய துண்டு. அதை விரலால் நசுக்கினார். துருவும், மணலும். அறுபது வருடத்துக்கு முன்னால் வார்ப்பாலையில் உள்ளச்சுக்குப் போட்ட மணல், தண்ணீர்ப் பாதையின் கடைசி மூலையில் ஒதுங்கி, துருவோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. மைலோ டின் ஒன்று நிறையும் அளவுக்கு வந்தது. உர்சுலா அதை மணந்துகூடப் பார்த்தார்.

"என்னா அது வாசன?" என்றார், அன்று கூட வந்திருந்த இயேசுதாசன்.

"இங்கிலாந்து மண்ணு" என்றார் உர்சுலா, முகம் முழுக்கச் சிரிப்பாக. "எவனோ கையால அள்ளிப் போட்டது."

மறுபடி ஜெல். மறுபடி அளவுமானி. இம்முறை எண்கள் பெரும்பாலும் நின்றன. பெரும்பாலும்தான். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் இன்னும் லேசாக ஆடின.

ராஜீவும் வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இன்ஜின் நம்பர் வெறும் தகடுதானே, ரிவெட் அடிச்சது. பழசுலேர்ந்து கழட்டி இதுல அடிச்சிட்டா ஸேம் நம்பர். வேல்யூவும் போகாது. யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல, ராஜீவ்" என்றார் உர்சுலா. கோபமில்லாமல்தான் சொன்னார். ராஜீவ் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோவிந்தராசு கைகளைத் துடைத்தார். "அப்ப சொல்லுங்க. பழசா, இதா? யூசுப் பாய் திங்கக்கெழம ஜொகூர்க்காரருக்குப் பதில் சொல்லணுமாம்."

உர்சுலா கணவரைப் பார்த்தார். கப்பல் தகட்டில் நாள்தோறும் இதே முடிவைச் சொல்லும் மனிதர். இயேசுதாசன் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் யாரோ டயரைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம்.

உர்சுலா நான்காம் சிலிண்டருக்குள் கையை விட்டு, அந்த விரல்நுனி இடத்தைத் தடவினார். மறுபக்கம் இன்னும் உரியாத துரு கொஞ்சம் இருக்கிறது. அதுதான் ஆட்டம். அப்படித்தான் இருக்கவேண்டும். அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டப்போவதில்லை.

"இதுதான்" என்றார். கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். "இது நல்ல பிளாக்ண்ணே. கடைங்க."

கடையும் நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று சிலிண்டர் முடியும்வரை கோவிந்தராசுவிடம் மெஷினைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டவர், நான்காவதில் கத்தி இறங்கியதும் மேடைமேல் குனிந்துகொண்டார். கறுப்புத் தோல் உரிந்து சாம்பல் நிற இரும்பு பளபளவென்று கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. கத்தி அதே சத்தத்தோடு கடந்து போயிற்று. கோவிந்தராசு விளக்கை உள்ளே பிடித்தார். சுவர் முழுசாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. அவர் விளக்கை உர்சுலாவின் கையில் கொடுத்துவிட்டு, கோப்பி வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் உர்சுலா உள்ளேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது இன்ஜின் நம்பரைப் போக்குவரத்து ஆணையத்தில் பதிந்து, சோதனைகள் முடிந்து, இந்த ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில் கார் வெளியே வந்தது. செம்பவாங் கடலோரம்வரை போய் வந்தார்கள். வெப்பமானி முள் நடுவில் நின்றது, அசையவில்லை. இயேசுதாசன் இம்முறை நாசி லெமாக்கை வண்டியிலேயே சாப்பிட்டார்.

பழைய பிளாக் பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. யூசுப் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஸ்லீவ் போட்டு ஓட்ட நினைக்கும் யாராவது கேட்பார்கள். அவர் தள்ளுவண்டியோடு வந்த அன்று உர்சுலாவும் இருந்தார். "ஒரு நிமிஷம், பாய்" என்று சொல்லி, கோவிந்தராசுவின் வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்தார். நாலு சிலிண்டருக்கு நேராகவும், சுவர் மிக மெலிந்த இடத்தின் அளவை எழுதினார்.

"என்னா தங்கச்சி, இப்படி எழுதிவெச்சா எவன் வாங்குவான்?"

உர்சுலா குனிந்து, மேல்முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். விரிசல் மெல்லியது, தெரிந்தவர் காட்டினால் ஒழியக் கண்ணில் படாது. அதன் ஒரு முனையில், ஸ்கேன் திரையில் அளக்கும் இடத்தின் முனையில் வைப்பதுபோல, சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டார். கண்ணைச் சுருக்கி, கோட்டைத் தொடர்ந்து போய், மறுமுனையில் இன்னொன்று.