ஐந்து வீட்டுப் பை

காரைக்கால் பெரிய கடையின் அரிசித் தொட்டிக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மணியை எடுத்து, ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார் அல்லி. மேலாகக் கிடக்கும் அரிசியை அவர் நம்புவதில்லை. டக்கென்று முறிந்தால் பழைய அரிசி. பல்லில் மாவாக ஒட்டினால் புதுசு, உலையில் குழைந்துவிடும். சீருடை போட்ட பெண் ஓடி வந்து, "இஞ்ச சாப்புடக் கூடாதும்மா" என்கிறாள்.

"சாப்புடல பாப்பா, அதுக்கு வயசு என்னான்னு கேக்குறேன். போன மாசம் அறுத்ததப் பழசுன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கீங்களே, யாரு ஒங்களுக்கு எழுதிக் குடுத்தது?"

அந்தப் பெண்ணுக்கு அரிசி எங்கே விளைகிறது என்றுகூடத் தெரியுமோ என்னவோ. அல்லிக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் முப்பத்தைந்து வருஷம் விழிதியூர் வயல்களில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்த கை அது. முன்பெல்லாம் அறுப்புக்குப் போனால் கூலியாக நெல்லே வரும். மெஷின் இறங்கிய வருஷத்தோடு அது நின்றது. இன்றைக்கு வரப்பிலேயே லாரி நிற்கிறது, நெல் ஏறிப் போய்விடுகிறது. நட்டவள் அரிசி வாங்க மினி பஸ் பிடித்துக் காரைக்காலுக்கு வருகிறாள். இதைச் சொல்லும்போது அல்லிக்குக் குரல் ஒரு படி ஏறும். "நான் நட்ட நெல்லு எந்த ஊருக்குப் போச்சோ, எந்த ஊரு மூட்டையில திரும்பி வந்திருக்கோ! அதுக்கு நான் டிக்கெட் எடுத்துக்கிட்டு வாரேன்."

ஊரில் கடையே இல்லையா என்றால், இருக்கிறது. அன்பழகன் கடை. ஷாம்பூச் சரம், மிட்டாய் பாட்டில், தீப்பெட்டி, காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட். துவரம்பருப்பு கேட்டால் "நாளைக்கு வருங்க" என்பார். அந்த நாளை வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் இந்தப் பெரிய கடையிலேயே, எண்ணெய் அடுக்குக்குப் பக்கத்தில், தள்ளுவண்டி நிறைய பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக்கொண்டு நின்ற அன்பழகனை அல்லி பார்த்துவிட்டார். "ஏண்ணே, ஒங்க கடையில ஒங்களுக்கே ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார். அன்பழகன் அசடு வழிந்தார். சலுகை விலைச் சரக்கை இங்கே வீட்டு உபயோகத்துக்குத்தான் தருவார்கள். கடை வைத்திருப்பவர்களுக்குத் தர மாட்டார்கள். "சத்தம் போடாத அல்லி" என்று கண்ணைக் காட்டினார். அல்லியும் போடவில்லை.

இந்தப் பெரிய கடைப் பயணம் தொடங்கியது ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்த காலத்தில். அரிசிக்குப் பதிலாக அரசாங்கம் வங்கியில் காசு போட்டது. காசை உலையில் போட முடியாதே. அரிசி விற்கிற இடம் எது என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஐந்து பேரும் வேலையை விட்டுவிட்டுப் போனால் ஐந்து நாள் கூலி போகும். ஒருத்தி போனால் ஒன்றோடு போகும். எடை தூக்கவும் எதிர்த்துப் பேசவும் தெம்புள்ளவள் என்று அல்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அல்லிக்கு இதுதான் வேலை.

ஐந்து வீட்டுக்கும் ஐந்து துணிப் பை. சீட்டு எழுதும் வழக்கம் கிடையாது. பைக்குள் மாதிரியைப் போட்டுத் தந்துவிடுவார்கள். காகிதத்தில் மடித்த ஒரு பிடி பருப்பு, விலை ஒட்டிய பழைய உறை, தேய்ந்துபோன சோப்புத் துண்டு. எழில்மதி வீட்டுப் பையில் கால் டம்ளர் அரிசியே இருக்கும், இதே ரகம் வேண்டும் என்று அர்த்தம். அல்லி ஒவ்வோர் அடுக்காகப் போய், காகிதத்தைப் பிரித்து, பருப்போடு பருப்பை வைத்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பைக்குள் போடுவார். "எழுத்துல துவரம்பருப்புன்னுதான் எழுதலாம். அது வேவுமா வேவாதான்னு எழுத முடியுமா?"

கூலிக்காரியும் ஏசி கடைக்குப் போகிறாள் என்று வம்பளக்க இப்போது நாலு பேர் கிளம்பியிருக்கிறார்கள். மினி பஸ்ஸில் கூட வரும் நடராசன் அதில் ஒருவர். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், காரைக்காலில் வீடு. "நீங்கள்லாம் அங்க போயிக் குவியிறதாலதாம்மா சின்னக் கடைக்காரன் செத்துப்போறான்" என்றார் ஒருமுறை.

"ஒங்க தெருவுல நாலு கடை இருக்கு, நீங்க பேசுவீங்க. எங்க தெருவுல நாலு ஷாம்புதான் தொங்குது. ஏசிக் காத்தயா நான் மடியில கட்டிக்கிட்டு வாரேன்?"

காரைக்கால் கடைத்தெருவை விட்டு ஏன் அங்கே போக வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டார். அல்லி பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கடைத்தெருவில் அரிசிக்கு ஒரு கடை, பருப்புக்கு ஒரு கடை, இரண்டுக்கும் நடுவே வெயில். முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். விழிதியூரை விட்டுக் கிளம்பித் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகிறது, பெண்பிள்ளை ஒதுங்க இடம் வேண்டாமா? பெரிய கடையில் கதவோடு, தண்ணீரோடு இருக்கிறது. "ஆம்பளைக்குச் சொவரு போதும். நாங்க என்னாங்க பண்ணுறது?" நடராசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அல்லி குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் முக்கியமான காரணம். "கடைத்தெருவுல மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வெலை சொல்றாங்க. எந்த ஊரு, எந்தத் தெருங்குறாங்க. இஞ்ச ஒட்டியிருக்குறதுதான் வெலை. ஒங்களுக்கும் அதான், எனக்கும் அதான். ஒரு பய ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

சென்ற மாதம் கேட்டார்கள்.

வாசலில் வழக்கமாக நிற்கும் வயதான காவலாளிக்கு ஐந்து பையின் கதை தெரியும். அன்று புது ஆள். அல்லி பருப்பு அடுக்கில் நின்று காகிதத்தைப் பிரித்து, பார்த்து, மடித்துப் பைக்குள் போட்டார். எங்கோ ஒரு திரையில் அதை யாரோ கவனித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையை உள்ளே விட்ட மேற்பார்வையாளர் ஒருவர் காவலாளியோடு வந்து நின்றார்.

"பைக்குள்ள என்னா போட்டீங்க?"

"மாதிரி."

"மாதிரின்னா?"

அல்லி விளக்கியும் நம்பாமல் அவரை வாசல் மேஜைக்குக் கூட்டிப்போனார்கள். அல்லி நிரப்பி வைத்திருந்த தள்ளுவண்டியை ஓரமாக ஒதுக்கினார்கள். ஐந்து பையையும் கவிழ்த்தார்கள். பருப்பு, உறை, சோப்புத் துண்டு, எழில்மதியின் கால் டம்ளர் அரிசி எல்லாம் வருவோர் போவோர் பார்க்க மேஜைமேல் கிடந்தன. மேற்பார்வையாளர் உறையை எடுத்து விலைச்சீட்டைப் பார்த்தார். "இது எங்க கடை ஸ்டிக்கர். உள்ள இருந்த சாமான் எங்க?"

"போன மாசம் வாங்குனது. தின்னு தீந்துபோச்சு."

"பில் இருக்கா?"

"ஏன் சார், தின்ன பருப்புக்குப் பில்ல வச்சுக்கிட்டா குந்தியிருப்பாங்க?"

அப்போதுதான் பணம் கட்டும் வரிசையில் அன்பழகன் நிற்பதை அல்லி பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நான் யாருன்னு இவங்கள்ட்ட சொல்லுங்க." அன்பழகன் தன் தள்ளுவண்டியில் நிரம்பி வழிந்த சோப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தால் நீ யார் என்று அவரைக் கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஓரடி முன்னால் தள்ளினார். ஒரு மனுஷியின் மானத்தைவிட ஆறு டஜன் சோப்பு அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது.

இருபது நிமிஷம் கேமராவை ஓட்டிப் பார்த்தார்கள். அதுவரை அல்லி வாசலில் நின்றார். திருடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்த ஒவ்வொருவரும் மேஜையைப் பார்த்து, பிறகு அல்லியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். "சரிம்மா, ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ பேப்பர்ல எழுதிக் கொண்டாங்க. இதெல்லாம் உள்ள எடுத்துட்டு வராதீங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா? ரூல்ஸ்."

அல்லிக்குக் கண் சிவந்துவிட்டது. "நிக்க வச்சு அசிங்கப்படுத்துனீங்களே, தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்க ரூல்ஸுல எடம் இல்லியா? இனிமே இந்த வாசல மிதிச்சா நான் அல்லி இல்ல!" மாதிரிகளை வாரி அந்தந்தப் பையில் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்.

எதிரே பஸ் நிறுத்தம். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கறுப்புத் தூசி பறந்தது. அல்லி காலிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைத்தெருவுக்குப் போய்விடலாம் என்று எழுந்தார். மணி இரண்டு. கடைத்தெருவில் மதியம் சாத்தினால் திறக்க ஐந்து மணியாகும், விழிதியூருக்கு மினி பஸ் மூன்றரைக்கு. அதை விட்டால் முப்பது கிலோவோடு ஆட்டோவுக்கு அழ வேண்டும். மறுபடி உட்கார்ந்தார்.

வெறுங்கையோடு போனால் என்ன? ஒன்றும் ஆகாது. நடந்ததைச் சொன்னால் மற்ற நாலு வீட்டுப் பெண்களும் அவரோடு சேர்ந்து கடைக்காரனைத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் எழில்மதி என்ன செய்வாள்? காலையில் பை தரும்போது அவள் அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியிருந்தாள். பையில் இருக்கிற கால் டம்ளர்தான் அந்த வீட்டின் கடைசி அரிசி. மாதிரி வேண்டுமே என்று அதையும் கொடுத்துவிட்டிருந்தாள். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

லாரிகளைப் பார்த்தபடி அல்லி யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார். யாரை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து சாலையைக் கடந்தார்.

புதுக் காவலாளி அவரைக் கண்டதும் எழுந்துவிட்டான். அவனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "போங்கக்கா, போங்க, பையெல்லாம் பாக்க வேணாம்" என்று கதவைத் திறந்து பிடித்தான்.

அல்லி உள்ளே போகவில்லை. மேஜைக்கு முன்னால் நின்றார். மாதிரிகளை எடுத்து வரிசையாக வைத்தார். முதல் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து உதறினார். "அய்யோ அக்கா" என்றான் அவன். இரண்டாவது பை. மூன்றாவது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தையும் உதறி முடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, இரண்டு கையாலும் விரித்து, அதையும் உதறிக் காட்டினார்.