செவலையின் மூக்கு வாரும் என் இரண்டு விரலும்

1. கையைப் பார்த்துக் கொடுத்த வேலை

செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கூப்பிட்டு, "கையக் கழுவிட்டு நீட்டுங்க ஆத்தா" என்றார். நீட்டினேன். சின்ன வயதிலிருந்து மல்லிகை மொட்டுப் பறித்த கை. விரலெல்லாம் குச்சி.

"நாளையிலேருந்து பிரைடில் மாட்டுற வேலை உங்களுக்கு" என்றார்.

பிரைடில் என்றால் குதிரையின் தலையில் மாட்டும் வார் அத்தனையும். அதில் மூக்கைச் சுற்றி வரும் வாருக்கு நோஸ்பேண்ட் என்று பெயர். அதை இறுக்கினால் குதிரையால் வாயைத் திறக்க முடியாது. இறுக்கக் கூடாது, வாருக்குள் இரண்டு விரல் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. மாஸ்டர் சொல்லும் ஓட்டையில் பக்கிளைப் போட்டுவிட்டு, அவர் சொல்லித்தந்தபடி கன்னத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்ப்பேன். போகும்.

நான் பார்த்துக்கொண்ட குதிரைக்கு ரூபி என்று பேர் வைத்திருந்தார்கள். நான் செவலை என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர்கள் போனால் தலையை உயரத் தூக்கிக்கொள்வாள். நான் போனால் குனிந்து கொடுப்பாள்.

செவலையை வாங்கி அங்கே விட்டிருந்தவர் ஒரு மில்காரர். அவர் மகள் செவலை மேல் ஏறிப் போட்டிக்குப் போவாள். சொன்னபடி நடக்க வைத்து மார்க் வாங்கும் போட்டி. குதிரை வாயைத் திறந்தால் மார்க் குறையும். ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும்போது என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே சோதிக்க வருகிறவரிடம் மாஸ்டர், "எங்க ஆத்தா விரல விட்டுக் காட்டுவாங்க சார்" என்பார். காட்டுவேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். வேலை சுத்தமாக இருப்பதால்தான் என்னை அழைத்துப் போகிறார்கள் என்று நிமிர்ந்து நடந்தேன்.

2. கோயம்புத்தூரில் வந்த அளவுகோல்

அங்கே சோதிக்க வந்தது ஒரு அம்மா. கையில் ஆப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு. இனி விரல் கணக்குக் கிடையாது, இதுதான் அளவு என்றார்கள். அதைக் கன்னத்தில் வைக்கவில்லை. நேராக மூக்கெலும்பின் மேல் வைத்துத் தள்ளினார்கள். நுனிகூட நுழையவில்லை.

"மேடம், ஆத்தா விரலு ரெண்டும் போகுது பாருங்க" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா வாரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள். "ஓ, இதுக்குத்தான் இவங்களக் கூட்டிட்டு வாரீங்களா?" என்றார்கள்.

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாஸ்டர் கூட்டி வந்தது என்னை அல்ல, என் விரலை.

தளர்த்தச் சொன்னார்கள். தளர்த்தினேன். செவலை தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். பெரிய கொட்டாவி விட்டாள். வார் இருந்த இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான். அது வெயில் கொப்புளம் என்று மாஸ்டர் சொன்னதை அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த அம்மா அடுத்த குதிரைக்குப் போனதும் மாஸ்டர் என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"பழைய ஓட்டைக்கே ஏத்திருங்க. திரும்ப வந்து பாக்க மாட்டாங்க."

"மாட்டேன் தம்பி."

மில்காரர் மகள், "வாயத் தொறந்தா மார்க் போயிரும் பாட்டி" என்றாள்.

"போகட்டும்த்தா. ஒன் தாடைய நான் துண்ட வச்சு இறுக்கிக் கட்டுறேன். அப்புறம் நீ சிரிச்ச மொகமா நடந்து காட்டு."

"வேலை வேணுமா வேணாமா?" என்றார் மாஸ்டர்.

"எம் விரலக் காட்டி ஊர ஏமாத்திட்டு, எனக்கே வேலைப் பயங் காட்டுறியா? கிட்ட வா பாப்போம்."

அவர் வரவில்லை. ஆள் வேடிக்கை பார்க்கிறதே என்று வெட்கம். போட்டிக்கு அழைக்கும் வரை நான் கடிவாளத்தை விடவில்லை.

செவலை வாயைத் திறந்தாள், நாக்கைத் தொங்கப் போட்டாள். கடைசி இடம்.

3. அதற்குப் பிறகு

பள்ளியிலும் அந்த அளவுகோலை வாங்கி ஆணியில் மாட்டினார்கள். "இனி இது போதும் ஆத்தா" என்றார் மாஸ்டர். விதி நல்ல விதிதான். அது வந்ததும் முதலில் வெளியே போனது நான். அடுத்தது செவலை. மார்க் வாங்காத குதிரைக்கு எதற்குத் தீனி என்று கொடைக்கானலுக்கு விற்றுவிட்டார்கள்.

பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கொடைக்கானல் போனபோது ஏரிக்கரையில் அவளைப் பார்த்தேன். முதுகில் யார் வீட்டுப் பிள்ளையோ இருந்தது. மூக்கில் நைலான் கயிறு. என்னைக் கண்டதும் குனிந்து கொடுத்தாள். மூக்கெலும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். என் குச்சி விரல் ஒன்றுகூடப் போகவில்லை. முடிச்சைத் தளர்த்தினேன்.

"சவாரி போறீங்களா பாட்டி? இல்லேன்னா நகருங்க" என்றான் குதிரைக்காரன். நான் பத்தடி தள்ளிப் போவதற்குள் மறுபடி இறுக்கிவிட்டான். அங்கே அளவுகோல் வைத்துப் பார்க்க யாரும் வருவதில்லை.

லாயத்து வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கன்னத்தில் விரலை விட்டுப் பார்க்காதீர்கள், அங்கே சதை இடம் கொடுக்கும். மூக்கெலும்பின் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் விரல் என் விரல் மாதிரி மெலிசாக இருந்தால், இரண்டு போதாது, மூன்று வையுங்கள். கையைப் பார்த்து எவனாவது வேலை கொடுத்தால், எதற்கு என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.