மச்சாள் இருந்த வாங்கு

நெல்லியடியிலிருந்து மச்சாளின் மூத்த மகன் சைக்கிளில் வந்து, கொக்குவிலில் எங்கள் படலையைத் திறந்தபோது நான் முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ நடந்துவிட்டது என்று முகம் சொன்னது. "மாமா எங்கை, மாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனான். உள்ளேயிருந்து என் கணவர் அழுத சத்தத்தில்தான் மனோன்மணி மச்சாள் போய்விட்டார் என்று அறிந்தேன். அந்தத் தமக்கைக்கும் தம்பிக்கும் இடையிலான எந்தக் கதையும் என்னைத் தாண்டித்தான் போகும். கடைசிச் செய்தியும் அப்படியே போயிற்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலர், தாள் தட்டுப்பாட்டால் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிறது. சுருக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மச்சாளை அறிந்த நீங்கள் அவரது கோயில் தொண்டையும் கைப்பக்குவத்தையும் எழுதுவீர்கள். நான் எங்கள் வழக்கைப் பற்றி எழுதுகிறேன், எரிச்சலோடுதான்.

போர் முற்றுமுன், யாழ்ப்பாணத்தில் வழக்குகள் ஒழுங்காக நடந்த கடைசிக் காலம் அது. பக்கத்து வளவுக்காரர் ஓர் இரவு தன் தோட்டத்தில் வெட்டுப்பட்டு இறந்தார். முன்பு வேலிச் சண்டை ஒன்று இருந்ததால் என் கணவரைப் பிடித்துக் கொலைக் குற்றம் சாட்டினார்கள். அந்த இரவு முழுக்க அவர் வீட்டில் இருந்தார். அதற்கு என்னைச் சாட்சியாகப் போட்டிருப்பதாக மச்சாள் வந்து சொன்னார். சாட்சிக்காரர் தம் முறை வரும்வரை உள்ளே இருந்து கேட்கக்கூடாதாம். அதனால் மச்சாள் உள்ளே பொதுசனம் இருக்கும் வாங்குப் பலகையில், நான் வெளியே வாகை மர நிழலில்.

மறியல் சிறைக்குக் கொடுத்தனுப்பும் சேட்டைத் தோய்த்து அழுத்துவது நான். அதைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிக் கூண்டில் நிற்பதை நாள் முழுக்கப் பார்த்திருப்பது மச்சாள். மெலிந்துவிட்டாரா, தலை இழுத்து வாரியிருக்கிறாரா என்று நான் மற்றவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

நீதிமன்ற விறாந்தையில் சேவகர் பெயர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். வேறு யாருடைய பெயராகவோ இருக்கும். மத்தியானம் மச்சாள் வெளியே வந்து இடியப்பப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

"உள்ளை என்ன நடந்தது மச்சாள்?"

"சாட்சிக்காறி அதைக் கேக்கக்கூடாது. உன்ரை சாட்சி பழுதாய்ப் போடும். நீ சாப்பிடு."

ஒரு நாள் கண் சிவக்க வந்தார். அன்று இறந்தவரின் மனைவி சாட்சி சொன்னதாக மற்றவர்கள் கதைத்தார்கள். "இண்டைக்கு ஒண்டும் இல்லை" என்று மச்சாள் முடித்துவிட்டார்.

அரசதரப்புச் சாட்சிகள் ஆளுக்கொரு கதை சொன்னதில் வழக்கு ஆட்டம் கண்டது. எங்கள் பக்கத்தைக் கேட்காமலே நீதிபதி அவரை விடுதலை செய்தார். அன்று முதல் எங்கள் வீட்டு விறாந்தையில் மச்சாளின் அரங்கேற்றம்தான். எங்களுக்காக வாதாடிய அப்புக்காத்து மூக்குக்கண்ணாடியைத் தேடியதையும் சாட்சி ஒருவர் வியர்த்து விறுவிறுத்ததையும் நடித்துக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். என் கணவரும் சிரித்து, "அதைச் சொல்லு அக்கா, இதைச் சொல்லு அக்கா" என்று எடுத்துக் கொடுப்பார். என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த வழக்கை நான் தேத்தண்ணீர் பரிமாறியபடி அயலாரோடு சேர்ந்து கேட்டேன். இறந்தவரின் மனைவி வந்த நாளை மட்டும் மச்சாள் ஒருபோதும் சொன்னதில்லை.

செத்தவீடு முடிந்து நெல்லியடியிலிருந்து திரும்பிய பிறகுதான் என் கணவர் சொன்னார்.

"உம்மைச் சாட்சியெண்டு வெளியிலை இருத்தச் சொன்னது நான்தான். நான் கூண்டிலை நிக்கிறதை நீர் பாக்கக்கூடாது எண்டு அக்காவைக் கெஞ்சினனான். அப்புக்காத்து உம்மடை பேரைக் குடுக்கவே இல்லை."

நான் செத்தவீட்டுச் சேலையை உதறிக் கொடியில் போட்டேன். அவர் தொடர்ந்தார்.

"பக்கத்து வளவு மனுசி சாட்சிக் கூண்டிலை நிண்டு என்னைப் பாத்து, 'உவர் என்ரை மனுசனோடை கூடப்பிறந்தவர் மாதிரிப் பழகினவர்' எண்டு சொல்ல, நான் விம்மி அழுதிட்டன். அக்கா வாங்கிலை இருந்து எழும்பி நிண்டா. சேவகர் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டும் இருக்கேல்லை. நான் முகத்தைத் துடைச்ச பிறகுதான் இருந்தவ."

"மச்சாள் பாக்கலாம், நான் பாக்கக்கூடாதோ?"

"அக்காவுக்கு முன்னாலை அழலாம். உமக்கு முன்னாலை ஏலாது."

மச்சாள் மேல் எனக்கிருந்த பொறாமை இதோடு தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கூடித்தான் போயிற்று. இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தும், அவர் அழுது நான் பார்த்ததில்லை; மச்சாள் போன அன்றும் சத்தம்தான் கேட்டேன். அந்த அழுகையை மச்சாள் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் கொண்டும் போய்விட்டார். நான் முகத்தைத் திருப்பிய போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லித் தன்னைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை. அதிலும் என்னை வென்றுவிட்டார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு பொய் மட்டும்தான். அதை வைத்திருக்கிறேன். என்னை ஒருவரும் கூப்பிடப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, ஒவ்வொரு காலையும் உள்ளே போகுமுன் என் சேலைத் தலைப்பை இழுத்து நேராக்கிவிட்டுச் சொல்வார்:

"ஆயத்தமாய் இரு, பூரணம். இண்டைக்கு உன்ரை பேர் கூப்பிடுவாங்கள்."